"பாக்ஸ்ல செவப்பு லைட் எரியுதாக்கா?"

சாயங்காலம் ஆறரைக்கு மேல் கேபிள்காரர் ஃபோனை எடுத்துவிட்டால் அது அன்றைய அதிர்ஷ்டம். பாரூரிலிருந்து கூப்பிட்டாலும் சரி, போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் பாகலூர் ரோடு என்று எங்கிருந்து கூப்பிட்டாலும் சரி, பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"அண்ணா, காலைல இருந்து நெட் வரல."

"பாக்ஸ்ல செவப்பு லைட் எரியுதாக்கா?"

அக்கா அப்போதுதான் எழுந்துபோய், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் அந்த வெள்ளைப் பெட்டியை உற்றுப் பார்க்கிறார். அதில் வரிசையாக ஐந்தாறு விளக்குகள் இருப்பதே அப்போதுதான் கண்ணில் படுகிறது. "எரியுது... இல்ல, மினுக்கு மினுக்குனு அடிக்குது" என்கிறார். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "சரிக்கா, பையனை அனுப்பறேன்."

பையன் நாளைக்கு வருவான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அன்றாடம் இந்தப் பத்து வருடத்தில் எவ்வளவு தூரம் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது! போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலாவின் மின்ஸ்கூட்டர் ஆலை, பர்கூரில் ஷூ கம்பெனி, உத்தனப்பள்ளி பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ், ஓசூரில் டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்ட். எங்கே வேலை பார்த்தாலும் ஷிப்ட் மாறிய தகவல் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகள் ராத்திரி வீடியோ காலில்தான் அம்மா முகத்தைப் பார்க்கிறார்கள். மாங்கூழ் கம்பெனி இன்றைக்குத் தோத்தாபுரிக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்பதும், பட்டா சிட்டாவும், கரண்ட் பில்லும், பிள்ளையின் வீட்டுப்பாடமும் அதே வழியில்தான் வருகின்றன. மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறோம். எதற்குக் கட்டுகிறோம், அது எந்த வழியாக வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்பதை மட்டும் நமக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை.

சொன்னால் அரை மணி நேரத்தில் புரிகிற விஷயம்தான். இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. கோளாறு எந்த இடத்தில் என்று கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நெட் வராத வீட்டுக்கும் இது பொருந்தும், நெட்டில் பணத்தைப் பறிகொடுக்கப் போகிற வீட்டுக்கும் பொருந்தும்.

விளக்கு சொல்லும் சேதி

பெட்டிக்கு ஓஎன்டி, ஓஎன்யூ என்றெல்லாம் பெயர் உண்டு. நாம் மோடம் என்றே சொல்வோம், பாதகமில்லை. பவர் விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். அதற்கடுத்து 'பான்' என்ற விளக்கு பச்சையாக, ஆடாமல் அசையாமல் எரிய வேண்டும். நம் பெட்டியும் கேபிள்காரரின் மெஷினும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்பதற்கு அதுதான் அடையாளம். 'எல்ஓஎஸ்' என்று போட்ட விளக்கு எப்போதும் அணைந்தே இருக்க வேண்டும். லைன்மேன்கள் இதை 'லாஸ் லைட்' என்பார்கள். அது சிவப்பாக அடித்தால் வெளியிலிருந்து வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை.

அப்படியானால் மோடத்தை நூறு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பலனில்லை. ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. ஃபோன் போட்டுச் சொல்வதைத் தவிர நமக்கு வேலை கிடையாது. பான் பச்சையாக இருந்து, 'இன்டர்நெட்' விளக்கு மட்டும் எரியவில்லையென்றால் கோளாறு கேபிள்காரர் பக்கம். ரீசார்ஜ் முடிந்துபோனதாகவும் இருக்கலாம். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்து செல்போனில் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் சிக்கல் நம் வீட்டுக்குள். ரீஸ்டார்ட் என்ற கைவைத்தியம் பலிப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான். ஆஃப் செய்தால் அரை நிமிடமாவது விட்டு ஆன் செய்யுங்கள்.

"செவப்பு லைட் அடிக்குதுண்ணா, பான் லைட்டும் எரியல" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்கிற வீட்டுக்கு லைன்மேன் சீக்கிரம் வருகிறார். இது நான் பல ஊர்களில் பார்த்தது. அவருக்கும் ஒரு நடை மிச்சம்.

கண்ணாடி நூல்

வீட்டுக்குள் வரும் அந்தக் கறுப்பு ஒயருக்குள் செம்பு கிடையாது. கண்ணாடி நூல் ஒன்று இருக்கிறது, தலைமுடி கனம். அதன் நடுவில், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத வழியில்தான் ஒளி ஓடுகிறது. நூலின் இரண்டு பக்கமும் இருப்பது இழுவைக்காகப் போட்ட கம்பி.

அறுந்த நூலை ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? லைன்மேன் மொபெட்டின் முன்னால் பெட்டியை வைத்துத் திறப்பார். ஒயரின் தோலை உரிப்பார், நூலின் மேல்பூச்சைச் சுரண்டுவார், ஸ்பிரிட் நனைத்த துணியால் இரண்டு தடவை துடைப்பார். கிளீவர் என்ற சின்னக் கருவியில் வைத்து 'டிக்' என்று அழுத்தினால் நுனி நேராக வெட்டுப்படும். ஸ்பிளைசிங் மெஷினின் குட்டித் திரையில் இரண்டு நுனிகளும் இரண்டு கம்பங்கள் மாதிரிப் பெரிதாகத் தெரியும். தானாகவே நெருங்கி, நேராகி, ஒரு மின்பொறியில் உருகி ஒன்றாகிவிடும். அதன் மேல் ஒரு சிறு உறையை மாட்டிச் சுடவைப்பார். தூசியில், வெயிலில், ரோட்டோரத்தில் நின்று செய்கிற இந்த வேலைக்கு நாம் கொடுக்கும் மரியாதை குறைவு என்பது என் எண்ணம்.

முடித்ததும் மீட்டரில் ஓர் எண்ணைப் பார்ப்பார். நீங்களும் கேட்டுப் பாருங்கள். மைனஸ் 20-க்கு அக்கம்பக்கம் என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 27-ஐ நெருங்கினால் இன்றைக்கு வேலை செய்யும், நாளைக்கு விட்டுவிட்டு வரும். "அப்படித்தான்மா இருக்கும்" என்று கிளம்பப் பார்த்தால் விடாதீர்கள், ஜாயின்ட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

கேபிள்காரரின் அறையிலிருந்து வரும் ஒரு நூல், தெருக் கம்பத்தில் தொங்கும் டப்பாவுக்குள் பிரிக்கப்பட்டு 32 வீடு, 64 வீடு என்று போகிறது. பிரிக்கும் கருவிக்குக் கரண்டே தேவையில்லை. எனவே தெருவில் கரண்ட் போனாலும், உங்கள் மோடத்துக்கும் அவருடைய மெஷினுக்கும் பேட்டரி இருந்தால் நெட் நிற்காது. மோடத்துக்கென்றே சிறிய யூபிஎஸ் விற்கிறார்கள். வாங்குமுன் அடாப்டரின் மேல் எத்தனை வோல்ட் என்று பாருங்கள்; பெரும்பாலும் 12 வோல்ட்.

இந்த நூலுக்கு நம் பக்கத்தில் எதிரிகள் அதிகம். அணில் கடிக்கிறது. குரங்கு ஊஞ்சலாடுகிறது. வைக்கோல் போர் ஏற்றிய லாரியும் கிரானைட் வண்டியும் தாழத் தொங்கும் ஒயரை இழுத்துக்கொண்டு போகின்றன. எல்லாவற்றையும் மிஞ்சியது ஜேசிபி. சாலை விரிவாக்கம், குடிநீர்க் குழாய் என்று ஓரிடத்தில் தோண்டினால் நாலு ஊருக்கு நெட் போகும். தோண்டுகிறவர் முன்கூட்டியே தெரிவிப்பதற்காக 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைப் பிரதமர் 2023 மார்ச் 22 அன்று தொடங்கிவைத்தார். நம் ஊர் ஜேசிபி ஓட்டுநர் யாரிடமாவது அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள் எதிரி நாம்தான். மிச்ச ஒயரை இறுக்கிச் சுருட்டிக் கட்டுவது, கதவிடுக்கில் விடுவது, ஆணி அடித்து வளைப்பது எல்லாமே ஒளியைக் கசியவிடும். கழன்ற நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் இடி இடித்தால் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடியில் மின்னல் பாயாது. ஒயரின் இரும்புக் கம்பியிலும் கரண்ட் லைனிலும் பாயும்.

ஏழு மணிக்கு ஏன் இழுக்கிறது?

பாரூர் பெரிய ஏரியைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். நெடுங்கல் தடுப்பணையில் திரும்பும் தென்பெண்ணைத் தண்ணீர் ஏரிக்கு வருகிறது, அங்கிருந்து கிழக்கு, மேற்குக் கால்வாய்களில் போய் 2,397 ஏக்கருக்குப் பாய்கிறது. எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் முழு மடை திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் சேராது என்பதால்தான் முறை வைத்து விடுகிறார்கள். நெட்டும் அப்படித்தான் பங்கிடப்படுகிறது, முறை வைக்க மட்டும் ஆளில்லை. கம்பத்து டப்பாவுக்கு வரும் நூல் ஒரு நொடிக்குச் சுமார் இரண்டரை ஜிகாபிட் தாங்கும். அதை அத்தனை வீடும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதற்கும் மேலே, கேபிள்காரர் பெரிய கம்பெனியிடம் மொத்தமாக வாங்கும் அளவு என்று ஒன்று உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகம் கேட்கமாட்டார்கள் என்ற கணக்கில்தான் அவர் வாங்குகிறார். சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை எல்லோரும் கேட்கிறார்கள்.

எனவே வேகம் குறைகிறது என்று புகார் செய்வதானால் எந்த நேரத்தில் என்று குறித்து வையுங்கள். காலை ஆறு மணிக்கும் மெதுவாக இருந்தால் ஒயரிலோ மோடத்திலோ கோளாறு. ராத்திரி மட்டும் என்றால் அவர் மேலே வாங்குவது போதவில்லை. இரண்டாவது வகைக்கு லைன்மேனை அனுப்புவது கண்துடைப்பு. அதை முகத்துக்கு நேரே சொல்லலாம்.

'40 எம்பிபிஎஸ் பிளான்' என்கிறார்கள், படம் டவுன்லோடு போட்டால் திரையில் 5 என்று காட்டுகிறது; ஏமாற்றுகிறார்களோ? இல்லை. பிளானில் சொல்வது பிட் கணக்கு, டவுன்லோடில் தெரிவது பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நாற்பதை எட்டால் வகுத்தால் ஐந்துதான். இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023 ஜனவரியில்தான் விதி மாறியது. அதுவரை 512 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட்! முழு ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாற்பது, ஐம்பதே தாராளம். முந்நூறு எம்பிபிஎஸ் பிளானைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் படம் சுற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு.

கருங்கல் சுவர்

அந்தக் காரணம் வைஃபை. ஒயரில் வருவது மோடத்தோடு முடிந்தது, அதிலிருந்து செல்போன் வரைக்கும் வருவது ரேடியோ அலை. கருங்கல்லுக்குப் பெயர்போன மாவட்டம் இது. பழைய வீடுகளில் ஒன்றரை அடி கற்சுவர், புது வீடுகளில் கம்பி கட்டிய கான்கிரீட். இரண்டுமே இந்த அலையை விழுங்கும். பீரோவின் இரும்பு, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒயர் வீட்டுக்குள் நுழையும் மூலையிலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போவது லைன்மேனுக்கு வசதி. நடு ஹாலில், ஆள் உயரத்துக்கு மேல் மாட்டச் சொல்லிக் கேட்டால் பத்து மீட்டர் ஒயர் கூடுதலாகும், அவ்வளவுதான். கேளுங்கள்.

மோடம் இரண்டு பெயர்களில் வைஃபை காட்டும். ஒன்றின் கடைசியில் '5ஜி' என்றிருக்கும். 2022 அக்டோபரில் வந்த செல்போன் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், சுவரைத் தாண்டத் தெம்பு குறைவு. மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். மெதுவானது, ஆனால் ரெண்டு சுவர் தாண்டும், அக்கம்பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதிக்கொண்டும் இருக்கும். ஹாலில் டிவிக்கு ஐந்தைப் போடுங்கள், பின்கட்டு ரூமுக்கு மற்றதை. மோடத்துக்குப் பக்கத்திலேயே நின்று ஐந்தில் இணைத்து வேகம் பார்த்தால் அதுதான் கேபிள்காரர் கொடுக்கும் வேகம். படுக்கையறையில் குறைந்தால் சுவரைத்தான் திட்ட வேண்டும்.

ஓசூரில் கன்னட விளம்பரம்

நம் வீட்டு ஒயர் எங்கே போகிறது? கேபிள்காரரிடமிருந்து பெரிய கம்பெனிக்கு, அங்கிருந்து நெடுஞ்சாலை ஓரக் குழாய்களில் பெங்களூருக்கோ சென்னைக்கோ. காஷ்மீர்-கன்னியாகுமரி நெடுஞ்சாலையும் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையும் கைகோத்துக்கொள்ளும் இடம் கிருஷ்ணகிரி. நகரத்தில் இப்போது ரயில் நிலையம் கிடையாது, அதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர்கள் ஏராளம். ஒளி மட்டும் அதன் காலடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடிக்குள் அது நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். பாரூரிலிருந்து பெங்களூர் சேர ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

'யூடியூப் அமெரிக்காவிலிருந்து வருகிறது' என்பது பாதி உண்மை. நாம் அடிக்கடி பார்க்கும் படங்களின் நகல்களை இந்த நகரங்களிலேயே, நெட் கம்பெனிகளின் அறைகளிலேயே வைத்திருக்கிறார்கள். கடல் கடக்க வேண்டியவை சென்னைக் கரையில் இறங்கும் கேபிள்களில் போகின்றன. சிங்கப்பூருக்கான ஐ2ஐ கேபிள் 2002-இல் வந்தது. அந்தமானுக்கான கேபிளைப் பிரதமர் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைத்தார். கடல் கேபிள் அறுந்தது என்று செய்தி வரும் நாளிலும் நம் வீட்டில் சினிமாப் பாட்டு ஓடுவதற்கும், வெளிநாட்டுப் பையனோடு பேசும் வீடியோ கால் மட்டும் திக்குவதற்கும் இதுதான் காரணம்.

ஓசூரில் இருந்துகொண்டு ஏன் கன்னட விளம்பரமாக வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். நம் இணைப்புக்கு ஐபி முகவரி என்று ஓர் எண் உண்டு. அந்த எண் எந்த ஊரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துத்தான் விளம்பரக் கம்பெனிகள் ஊரை ஊகிக்கின்றன. இணைப்பு பெங்களூர் வழியாக வெளியேறினால் நீங்கள் பெங்களூர்க்காரர். 'நான் ரோபோ இல்லை' என்று அடிக்கடி கட்டம் கட்டமாகப் படம் காட்டிக் கேட்பதற்கும் இதே எண்தான் காரணம். பழைய முறையில் உலகத்துக்கே மொத்தம் 430 கோடி எண்கள்தான். சிறிய நெட் கம்பெனிகள் ஒரே எண்ணை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. அத்தனை பேரும் ஒரே ஆளாகத் தெரிந்தால் கூகுளுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

இந்த எண் விஷயத்தில் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஓசூரில் லைன் வீடுகளிலும் மேன்ஷன்களிலும் ஒருவர் பெயரில் இணைப்பு எடுத்து ஆறு ரூமுக்குப் பாஸ்வேர்டு கொடுப்பது சகஜம். ரூம் காலி செய்து போனவனும் அதே பாஸ்வேர்டோடு போகிறான். அந்த வைஃபையிலிருந்து யாராவது ஒரு குற்றம் செய்தால், போலீஸ் கேட்கும்போது கம்பெனி கொடுப்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரையும் விலாசத்தையும்தான். ஆள் மாறும்போதெல்லாம் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றும் வழி மோடத்தின் பின்பக்க ஸ்டிக்கரிலேயே இருக்கும். அதில் அச்சடித்து வரும் 'அட்மின்' பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரிந்தது, அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். விருந்தாளிக்கென்று 'கெஸ்ட்' வைஃபை தனியாகப் போடும் வசதி பல மோடங்களில் இருக்கிறது.

கதவைத் திறப்பது யார்?

பணத்தைப் பறிகொடுத்த வீடுகளில் "நெட்டை ஹேக் பண்ணிட்டாங்க" என்றே சொல்வார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் எந்தப் பூட்டும் உடைக்கப்பட்டிருக்காது. நம்மையே திறக்க வைத்திருப்பார்கள்.

யூபிஐ 2016 ஏப்ரலில் வந்தது. அதில் அடிப்படையான விதி ஒன்றே ஒன்றுதான்: பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் போடுவது பணம் போவதற்கு மட்டும். பணம் கொடுப்பதற்கு அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை நாம் ஸ்கேன் செய்கிறோம், வாங்குவதற்கு எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. "உங்க பழைய ஃபிரிட்ஜை வாங்கிக்கறேன், இந்த கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்கிறவன் திருடன். யோசிக்கவே வேண்டாம். தனிநபருக்குத் தனிநபர் 'பணம் கேட்டு' அனுப்பும் வசதியைக்கூட, மோசடி தாங்காமல், 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்தது கல்யாணப் பத்திரிகை. முகூர்த்த மாதங்களில் தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் வரும். போட்டோவாகவோ பிடிஎஃப்பாகவோ இருந்தால் சரி. பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று முடிந்தால் அது ஒரு செயலி. அதை நிறுவி, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்தால், உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் அத்தனையும், ஓடிபி உட்பட, அவனுக்கும் போகும். வண்டிக்கு அபராதம், விவசாயி உதவித்தொகை என்ற பெயர்களிலும் இதே ஏபிகே வருகிறது. அனுப்பிய நண்பரைத் திட்டாதீர்கள், அவருடைய ஃபோன் ஏற்கெனவே போய்விட்டது. அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதாமல் நேரே கால் செய்து சொல்லுங்கள்.

வேலை தேடி வரும் இளைஞர்கள் நிறைந்த ஓசூரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டெலிகிராமில் 'பார்ட் டைம்' வேலை, ஹோட்டலுக்கு ஸ்டார் போட்டால் காசு என்பார்கள். முதலில் நூறு, இருநூறு உண்மையாகவே வரும். பிறகு 'டாஸ்க்'குக்கு நீங்கள் கட்ட வேண்டும். சம்பளத்துக்கு முன்னால் பணம் கேட்கிற வேலை வேலையே இல்லை என்பதை வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் அடித்துச் சொல்லலாம்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது. வீடியோ காலில் காக்கிச் சட்டை தெரிந்தால் கட் செய்துவிடுங்கள். 2024 அக்டோபர் 27 வானொலி உரையில் பிரதமரே இதைச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. பேங்க் என்று கூப்பிட்டால் எண்ணைப் பாருங்கள். வங்கிகள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று ஆரம்பிக்கும் எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. வங்கிகளின் இணைய முகவரிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற வேண்டும் என்று அதே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. லிங்க்கைத் தொடுமுன் அந்த வாலைப் பாருங்கள்.

இத்தனையும் மீறிப் பணம் போய்விட்டால் முதல் மணி நேரம்தான் எல்லாம். அழுவதையும், வீட்டுக்காரர் திட்டுவாரே என்று மறைப்பதையும் பிறகு வைத்துக்கொள்ளலாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு ஃபோன் போடுங்கள். நம் கணக்கிலிருந்து போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் முடக்குவதற்கென்றே 2021-இல் ஏற்படுத்திய அமைப்பு இது. பேங்க் பெயர், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கிருஷ்ணகிரியில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது.

கர்நாடக எல்லையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. ஜூஜூவாடியில் நின்றால் ஃபோன் சில நேரம் அத்திப்பள்ளி டவரைப் பிடிக்கும். ரோமிங் காசு என்ற தொல்லை ஒழிந்து வருடங்கள் ஆகின்றன, அதனால் நாம் கவனிப்பதில்லை. ஆனால் 108, 112 போன்ற மூன்று இலக்க எண்களை அழைத்தால், ஃபோன் பிடித்திருக்கும் டவரைப் பொறுத்து அழைப்பு கர்நாடகத்துக்குப் போய்விடக்கூடும். எடுத்த எடுப்பில் "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர்" என்று சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வாருங்கள்.

ஊராட்சிக்கு வந்த ஒயர்

இவ்வளவும் கேபிள்காரர் இருக்கும் ஊர்களின் கதை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்துக்கு ஒயர் இழுத்தால் அவருக்குக் கட்டுப்படியாகாது, அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. 2020-இல் பள்ளிகளை மூடிவிட்டு ஆன்லைனில் பாடம் நடத்தியபோது அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் மாதிரி மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிக்னல் என்பதே பெரும்பாடு.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் மத்திய அரசு 2011-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கி, பிறகு அதற்குப் பாரத்நெட் என்று பெயர் வைத்தது. நாட்டின் எல்லா ஊராட்சிக்கும் ஆப்டிகல் ஃபைபர். தமிழ்நாட்டில் இந்த வேலையை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் செய்கிறது. 12,525 கிராம ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு ஒரு ஜிகாபிட் வரை, சுமார் 1,815 கோடி ரூபாய். 2022 ஜூனில் கன்னியாகுமரி மாவட்டத்தில் முதல்வர் வேலையைத் தொடங்கிவைத்தார். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் 333 ஊராட்சிகளும் இதில் அடக்கம்.

ஒயர் ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வருவதோடு வேலை முடிந்துவிடாது. அலுவலகத்தின் மூலையில் பூட்டிய ரேக்குக்குள் விளக்கு எரிகிறதா? பேட்டரி இருக்கிறதா? அங்கிருந்து பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நூலகத்துக்கும் இணைப்பு போயிருக்கிறதா? வீடுகளுக்கு எப்போது, என்ன கட்டணம்? இந்தக் கேள்விகளை ஊர்க்காரர்கள்தான் கேட்க வேண்டும். கேட்கும் இடமும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். அடுத்து வரும் கூட்டத்துக்குப் போங்கள். எழுந்து நின்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.